தவளக்குப்பம் நீச்சல் குளம்: குளத்துக்கு நாலு ஸ்டார், வயரிங்குக்கு ஒன்றரை

புதுச்சேரி–கடலூர் சாலையில் தவளக்குப்பம் பக்கம் உள்ள ஒரு தங்கும் விடுதிக்கு உள்ளூர் நிறுவனம் ஒன்று கட்டிக்கொடுத்த குளத்தைப் பற்றிய மதிப்பீடு இது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இங்கே வரும் குறைகள் அவர்களிடம் மட்டும் இருப்பவையும் இல்லை.

குளம் 10 மீட்டருக்கு 4.5 மீட்டர், ஆழம் ஒரே சீராக 1.2. கணக்குப் போட்டால் 54,000 லிட்டர். ஒன்றரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் பம்ப், 24 அங்குல சாண்ட் ஃபில்டர், சால்ட் குளோரினேட்டர் (உப்புத் தண்ணீரிலிருந்து குளோரின் உண்டாக்கும் கருவி), தண்ணீருக்கடியில் 18 வாட் எல்இடி விளக்கு நான்கு. சிவில் வேலையிலும் பிளம்பிங்கிலும் குறை சொல்ல இடமில்லை. தரை மட்டம் சரி, ஸ்கிம்மர் (மேல்மட்டத் தண்ணீரை உள்ளிழுக்கும் வாய்) நன்றாக இழுக்கிறது, அடியில் உள்ள டிரெயினை இரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரே டிரெயின் என்றால் உறிஞ்சும் வேகத்தில் குழந்தைகள் அதில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது தெரிந்தவர்கள் செய்த வேலை. நாலு ஸ்டார் இதற்குத்தான்.

மின்வேலை எங்கே கெட்டது என்பது எஸ்டிமேட்டிலேயே தெரிகிறது. டைல் பசை எத்தனை மூட்டை என்பது வரை பிரித்து எழுதியவர்கள், கரண்ட் வேலைக்கு மட்டும் ‘எலக்ட்ரிக்கல் – லம்ப்சம்’ (மொத்தமாக ஒரு தொகை) என்று ஒரே வரி போட்டு முடித்துவிட்டார்கள். என்ன கேபிள், எத்தனை ஸ்கொயர் (செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) எத்தனை மில்லி ஆம்பியர், பாண்டிங் (உலோக பாகங்களை எல்லாம் செம்புக் கம்பியால் கோப்பது) உண்டா இல்லையா, எதுவும் கிடையாது. அந்த ஒரு வரியை வெளியாள் எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் பேசிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வந்தது டைல் ஒட்டி முடிந்த பிறகு. கான்கிரீட் போடும் முன் செய்ய வேண்டிய வேலை அப்போதே கைவிட்டுப் போயிற்று.

விளக்கிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் கரண்ட் தண்ணீரைத் தொடும் இடம் அதுதான். குளத்துக்குள் 12 வோல்ட் ஏசிக்கு மேல் போகக் கூடாது. டிசி என்றால் 30. அந்த 12 வோல்ட்டும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வரக் கூடாது. பிரைமரியும் (கரண்ட் உள்ளே வரும் சுற்று) செகண்டரியும் (வெளியே போகும் சுற்று) முழுக்கப் பிரிந்த சேஃப்டி ஐசொலேட்டிங் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பெயர்ப்பலகையில் அதற்கான சர்வதேச விதி எண், ஐஇசி 61558-2-6, இருக்கும். இவர்கள் முதலில் வைத்தது அதேதான், பம்ப் ரூமில், சரியான இடத்தில். பிறகுதான் கோளாறு.

பம்ப் ரூமிலிருந்து விளக்குப் பெட்டி வரை 18 மீட்டர். நான்கு விளக்குக்கும் சேர்த்து ஒரே ஜோடி 1.5 ஸ்கொயர் வயர் இழுத்தார்கள். 72 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்பியர். 1.5 ஸ்கொயர் செம்புக்கு மீட்டருக்கு 12.1 மில்லி ஓம். போக வர 36 மீட்டருக்கு 0.44 ஓம். 6 ஆம்பியர் ஓடினால் 2.6 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும், விளக்குக்குப் போய்ச் சேருவது 9.4. விளக்கு மங்கியது, சில சமயம் மினுக்கியது. 230 வோல்ட்டில் ஒரு பொருட்டாகவே தெரியாத இந்த 2.6 வோல்ட், 12-ல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

வயரை மாற்றுவதற்குப் பதில் எலக்ட்ரீஷியன் குறுக்குவழி எடுத்தார். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு, அதே வயரில் 230 வோல்ட்டையே குள ஓரம் வரை கொண்டுவந்து, விளக்குப் பெட்டிக்குள் சின்ன எஸ்எம்பிஎஸ் (230-ஐ 12 வோல்ட்டாக மாற்றும் எலக்ட்ரானிக் சப்ளை) ஒன்றை வைத்துவிட்டார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கேட்டதற்கு, “விளக்குக்குப் போறது 12 வோல்ட்தானே சார், அது ஒண்ணும் பண்ணாது” என்று பதில். விளக்குக்குப் போவது 12 என்பது உண்மைதான். பெட்டிக்கு வருவது 230. பெட்டி குளத்து விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர்.

நீச்சல் குளத்துக்கான சர்வதேச விதியில், ஐஇசி 60364 பகுதி 7-702-ல், மண்டலக் கணக்கு ஒன்று உண்டு. தண்ணீர் இருக்கும் தொட்டி மண்டலம் 0. விளிம்பிலிருந்து 2 மீட்டர் தூரம், தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. அதற்கு வெளியே இன்னும் ஒன்றரை மீட்டர் மண்டலம் 2. விளக்குக்கு 12 வோல்ட் தரும் சாதனம் மூன்று மண்டலத்துக்கும் வெளியே, அதாவது 3.5 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் அதன் சப்ளைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டு மண்டலம் 2-ல் வைக்கலாம். மண்டலம் 1-ல் எந்தக் கணக்கிலும் இடமில்லை. தண்ணீரில் நின்றபடி கைநீட்டித் தொடும் தூரம் அது.

பெட்டியைத் திறந்து பார்த்த நிலை: மூடியின் ரப்பர் கேஸ்கட் ஒரு பக்கம் மடிந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே வயர்களை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிய ஜாயின்ட் ஆறு. டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. பெட்டியின் அடியில் ஒரு விரல்கடை தண்ணீர், அதில் பாதி மூழ்கி எஸ்எம்பிஎஸ். அந்தத் தண்ணீர் மழைத் தண்ணீர் இல்லை, நக்கினால் உப்புக் கரிக்கும் குளத்துத் தண்ணீர் (யாரும் நக்க வேண்டாம், டிடிஎஸ் மீட்டர் வைத்தாலே தெரியும்). விளக்கு உட்கார்ந்திருக்கும் குழியிலிருந்து வரும் பைப்பின் வாயை அடைக்காமல் விட்டதால் வந்தது. பெட்டி நீர்மட்டத்துக்கு மேலே இருந்திருந்தால் தண்ணீர் பைப்பிலேயே நின்றிருக்கும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று டெக் தரைக்குக் கீழே புதைத்திருக்கிறார்கள். அமெரிக்க விதியில் இந்தப் பெட்டி அதிகபட்ச நீர்மட்டத்துக்கு 8 அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நம் ஊரில் அப்படி வைத்தால் காலில் இடிக்கும் என்பார்கள். செடித் தொட்டி ஓரமாகவோ மதிலிலோ வைத்தால் இடிக்காது.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பம்ப் ரூம் தரைக்குக் கீழே, குளத்து நீர்மட்டத்தைவிடத் தாழ்வு. பெட்டியில் சேர்ந்த தண்ணீர் அடுத்த பைப் வழியாக இறங்கி நேராக பேனலுக்குள் சொட்டியிருக்கிறது. பேனலுக்கு கேபிள் நுழைவு மேல்பக்கம். கீழ்ப்பக்கம் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் மூடி) போட்டு ஏற்றியிருந்தால் சொட்டுத் தண்ணீர் வெளியே விழுந்திருக்கும்.

சரியான வழி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஐசொலேட்டிங் டிரான்ஸ்ஃபார்மர் மறுபடி பம்ப் ரூமுக்குப் போனது. 72 வாட்டுக்கு 150 விஏ (வோல்ட்-ஆம்பியர்). ஏசியில் ஓடும் எல்இடிக்கு பவர் ஃபேக்டர் குறைவு என்பதால் இந்தத் தாராளம் தேவை. இரண்டு விளக்குக்கு ஒரு ஜோடி என்று 2.5 ஸ்கொயரில் இரண்டு ஜோடி. ஒவ்வொன்றிலும் 3 ஆம்பியர், இழப்பு 0.8 வோல்ட். ஒரே ஜோடிதான் இழுக்க முடியும் என்றால் 4 ஸ்கொயர் போட்டு 1 வோல்ட் இழப்போடு நிறுத்தலாம். விளக்குக் குழியின் பைப் வாயில் கேபிள் கிளாண்ட், ஜாயின்ட்டுகளுக்கு டேப்புக்குப் பதில் ஜெல் நிரப்பிய கனெக்டர். விளக்கோடு வரும் ரப்பர் கேபிளை வெட்டிக் குறைக்காமல், விளக்கைத் தரை மேலே எடுத்து வைக்கும் அளவுக்குக் குழிக்குள் சுருட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு மாற்ற ஒவ்வொரு முறையும் குளத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை: டிரான்ஸ்ஃபார்மரின் 12 வோல்ட் பக்கத்தை எர்த்தோடு இணைக்கக் கூடாது. இந்தக் குளத்தில் இணைத்திருந்தார்கள், பாதுகாப்புக்காம். எர்த்தில் இருந்து பிரிந்து நிற்பதுதான் அந்த 12 வோல்ட்டின் பாதுகாப்பே. இணைத்துவிட்டால், வேறெங்கோ கெய்சரில் வந்த கோளாறு எர்த் கம்பி வழியாக விளக்குக்கும் வந்து சேரும்.

அடுத்தது ஆர்சிசிபி. விடுதிக்கும் குளத்துக்கும் சேர்த்து மெயினில் 63 ஆம்பியர், 100 மில்லி ஆம்பியர் ஒன்று. 100 மில்லி என்பது தீப்பிடிக்காமல் காக்கும் அளவு. ஆளைக் காக்க 30 வேண்டும். பத்து மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகும், தண்ணீருக்குள் அந்த நிலை வந்தால் ஷாக் கொல்லாவிட்டாலும் மூழ்கல் கொல்லும்.

“எர்த் நல்லா இருக்கு, 5 ஓமுக்குள்ள வருது” என்று சமாதானம் சொல்கிறார்கள். அளந்தபோது 5-க்குள்தான் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். பம்புக்குப் போட்டிருந்த 16 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் சப்ளையை வெட்டும் சுவிட்ச்) உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 46-க்கு அது சில விநாடி எடுக்கும், ஒரு நிமிடம்கூட எடுக்கலாம். மெயின் எம்சிபி 32 ஆம்பியர் என்றால் இன்னும் மோசம், 46 என்பது அதற்கு ஏறக்குறைய 1.45 மடங்குதான், அந்த அளவுக்கு அது ஒரு மணி நேரம் வரை நிற்கவே விதி இடம் கொடுக்கிறது. அத்தனை நேரமும் மோட்டார் உடம்பில் கரண்ட். 30 மில்லி ஆர்சிசிபி இருந்தால் எர்த் நூறு ஓம் இருந்தாலும் விழுந்துவிடும். ஆரோவில், காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண் மேட்டில் கோடையில் எர்த் அளவு எகிறும். கடலோர மணலில் அளவு நன்றாக வரும், ஜிஐ பைப்பை உப்பு தின்றுவிடும். எர்த்தை மட்டும் நம்ப முடியாத ஊர் இது. காப்பர் பாண்டட் ராடு போடுங்கள், வருஷம் ஒரு தடவை கோடையில் அளந்து பாருங்கள், உயிரை ஆர்சிசிபியிடம் விடுங்கள்.

பம்புக்கு ஒன்று, விளக்கு டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒன்று, குளோரினேட்டருக்கு ஒன்று என்று தனித்தனி 30 மில்லி போடச் சொன்னோம். டைப் ஏ. கடையில் சும்மா கேட்டால் டைப் ஏசி கொடுப்பார்கள். குளோரினேட்டருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸின் துடிப்பு டிசி கசிவை அது கவனிக்காமல் விடலாம். விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) வைத்த பம்ப் என்றால் டைப் ஏயும் போதாமல் போகலாம், டிரைவ் கம்பெனியின் கையேட்டில் என்ன சொல்கிறது என்று பார்த்து எஃப் அல்லது பி வாங்க வேண்டும். 25 ஆம்பியர் இரண்டு போல் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். பல லட்ச ரூபாய்க் குளத்தில் இதை மிச்சம் பிடிப்பது ஏன் என்று விளங்கவில்லை.

புது ஆர்சிசிபி போட்டதும் தோட்ட விளக்கைப் போட்டால் விழுந்தது. இந்தக் கட்டத்தில்தான் பலரும் ஆர்சிசிபியைக் குறை சொல்லி பைபாஸ் செய்துவிடுகிறார்கள். காரணம் எளிது: தோட்ட விளக்குக்கு ஃபேஸ் வீட்டு போர்டில் இருந்து, நியூட்ரல் பக்கத்தில் இருக்கிறதே என்று பம்ப் ரூமில் இருந்து. போன கரண்டும் வந்த கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஆர்சிசிபி விழத்தான் செய்யும், அதன் வேலையே அது. ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் தனி நியூட்ரல் பார் வைத்ததும் அது தீர்ந்தது. எம்சிபியை எல்லாம் இறக்கிய பிறகும் ஆர்சிசிபி விழுந்தால் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது என்று அர்த்தம். சிங்கிள் போல் எம்சிபி நியூட்ரலை வெட்டாது. சப்ளையை நிறுத்தி, நியூட்ரல்களை பாரிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, எலக்ட்ரானிக் சாதனங்களைப் பிரித்துவிட்டு, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்து எர்த்துக்கு அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் கம்பிதான் திருடன். பம்ப் லைனில் வந்தால் மோட்டாரின் மெக்கானிக்கல் சீலை முதலில் பாருங்கள். சீல் கசிந்து ஷாஃப்ட் வழியாக உப்புத் தண்ணீர் பேரிங் பக்கம் இறங்கியிருக்கும்.

பம்ப் ரூமைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாக: இரும்புப் பெட்டி பேனல், அதற்கு நேர் கீழே ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கேன். மூடி இருந்தாலும் ஆசிட் ஆவி கசியும். கான்டாக்டர் (பம்பை ஓட்டி நிறுத்தும் மின் சுவிட்ச்) முனைகள் ஏற்கெனவே கறுத்திருந்தன. தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 பாலிகார்பனேட் பெட்டிக்கு மாற்றி, ஆசிட்டை வெளியே தனி ஷெட்டில் வைத்தாயிற்று. ஷாக் ட்ரீட்மெண்ட்டுக்கு (ஒரேயடியாக நிறையக் குளோரின் போட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய) என்று வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் டப்பாவும் அதே அறையில் இருந்தது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு, அது மின்வேலையைவிட அவசரம். குளோரினேட்டர் பம்ப் ஓடாதபோதும் ஓடும்படி தனி லைனில் இருந்தது. பம்ப் ஓடி, தண்ணீர் பாய்ந்தால் மட்டும் அது ஓடும்படி, பம்ப் கான்டாக்டரோடும் ஃப்ளோ சுவிட்சோடும் இன்டர்லாக் செய்ய வைத்தோம்.

மழை. தரைக்குக் கீழ் பம்ப் ரூம் என்றால் ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். 2011 ‘தானே’ புயல், 2024 ‘ஃபெஞ்சல்’ புயல் இரண்டும் இந்தப் பகுதி வழியாகத்தான் கரையேறின. பேனல் அறைக்குள்ளே இடுப்புயரத்தில் இருந்தது. அதை மேலே மதிலுக்கு, வெள்ளம் தொடாத உயரத்துக்கு ஏற்றியாயிற்று. தண்ணீர் இறைக்கும் சம்ப் பம்புக்குத் தனி ஆர்சிசிபி. மெயின் பம்ப் நனைந்து அதன் ஆர்சிசிபி விழும்போது சம்ப் பம்பும் சேர்ந்து நின்றால் அறை முழுகிப்போகும்.

விடுதிக்காரர்களுக்கு இரண்டு சொல். குளத்தைக் கழுவ 230 வோல்ட் சப்மெர்சிபிள் பம்பை இறக்கிவிட்டு அதே தண்ணீரில் ஆளை நிற்கவைக்காதீர்கள். ஆளை ஏற்றிய பிறகுதான் பிளக். புத்தாண்டு ராத்திரிக்குக் குளத்துக்கு மேலே கட்டும் 230 வோல்ட் சீரியல் செட்டும் அதே கதைதான். பாண்டிச்சேரியில் டிசம்பர் 31-க்கு இதைக் கட்டாத விடுதியைத் தேட வேண்டும். ஒரு முடிச்சு அவிழ்ந்தால் வயர் விழுவது தண்ணீரில்.

நிறுவனத்தின் சர்வீஸுக்கு வருவோம். குறைப் பட்டியல் கொடுத்ததும் தகராறு செய்யவில்லை. கடைசித் தவணை கையில் இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். வேறு எலக்ட்ரீஷியனை, சூப்பர்வைசர் சான்றிதழ் உள்ளவரை, அனுப்பினார்கள். அவர் கையோடு ஆர்சிடி டெஸ்டர் கொண்டுவந்தார். 15 மில்லி ஆம்பியரில் ஆர்சிசிபி விழாமல் நின்றது, 30-ல் 300 மில்லி விநாடிக்குள், 150-ல் 40 மில்லி விநாடிக்குள் விழுந்தது. மூன்றும் சரி, எழுதியும் கொடுத்தார். ஆர்சிசிபியில் இருக்கும் டி (டெஸ்ட்) பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துவது நல்லதுதான், ஆனால் அது எந்திரம் நகர்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். எர்த் கம்பி அறுந்திருந்தாலும் பொத்தானுக்கு விழும்.

தீராமல் நிற்பது பாண்டிங். குளத்தின் கான்கிரீட் கம்பி, ஸ்டீல் ஏணி, கைப்பிடி, மோட்டார் உடம்பு, அருகில் உள்ள இரும்புக் கம்பம் எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியால் கோத்திருக்க வேண்டும், குறைந்தது 4 ஸ்கொயர். வெளியே லைனில் நியூட்ரல் அறுந்து எர்த் கம்பியில் வோல்ட்டேஜ் ஏறினால், அது ஆர்சிசிபியைத் தாண்டி முன்னாலிருந்து வருவது, ஆர்சிசிபிக்குத் தெரியாது. அப்போது காப்பது பாண்டிங் ஒன்றுதான்: தொடும் எல்லாமே ஒரே வோல்ட்டேஜில் இருந்தால் உடம்பு வழியாக ஓட கரண்ட்டுக்குக் காரணமில்லை. ஏணிக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே தொடர்பே இல்லை என்று மீட்டர் காட்டியது. இங்கே 0.1 ஓமுக்குள் வர வேண்டும், அதையும் சாதாரண மல்டிமீட்டரில் அளந்து நம்பாதீர்கள், அதன் வயரே அவ்வளவு காட்டும்.

கான்கிரீட்டுக்கு முன் வந்திருந்தால் கம்பி கட்டும்போதே நாலு மூலையிலும் கிளாம்ப் போட்டு முனையை மேலே எடுத்திருக்கலாம், அரை நாள் வேலை. இப்போது கோப்பிங் கல்லை (குள விளிம்புக் கல்லை) எடுத்து, நாலு இடத்தில் கொத்திக் கம்பியைக் கண்டுபிடித்து, பித்தளை கிளாம்ப் போட்டு, சுவரிலிருந்து ஒன்றரை இரண்டு அடி தள்ளி டெக் கல்லுக்கு அடியில் குளத்தைச் சுற்றி வளையமாகச் செம்புக் கம்பி ஓட்ட வேண்டும். நிறுவனம் ஒப்புக்கொண்டிருக்கிறது, கல் உடைந்தால் யார் செலவு என்பதில் பேச்சு நடக்கிறது. அதுவரை ஸ்டீல் ஏணியைக் கழற்றி ஷெட்டில் வைத்திருக்கிறார்கள். மூலையில் சிமெண்ட் படி இருப்பதால் ஏற இறங்க அது போதும்.